நிழலைத் திருப்பித் தாருங்கள்: நெல்லையை அழகுபடுத்தும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பாளையங்கோட்டையில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நின்ற வேப்பமரத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஊரின் பெயரை ஆளுயர எழுத்துகளில் வைத்து வண்ண விளக்குப் போட்டிருக்கிறீர்கள். எந்த நிறுத்தம், எந்த மரம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வெட்டுவதற்கு முன் நாங்கள் கொடுத்த மனுவும் வெட்டிய பிறகு கொடுத்த மனுவும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு வந்த பதிலில், நகரின் தனித்தன்மையை எடுத்துக்காட்டவே இந்தப் பணி செய்யப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு மூன்றாவது மனு எழுத எனக்கு மனம் வரவில்லை. எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நாங்கள் கேட்பது இதுதான். அந்த நிறுத்தத்துக்கு நிழலைத் திருப்பித் தாருங்கள். கத்திரி தொடங்குவதற்குள் ஒரு கூரை போடுங்கள். ஐப்பசி மழைக்கு அதே இடத்தில் ஒரு வேப்பங்கன்று நடுங்கள். நடைபாதையை அடைத்து நிற்கும் எழுத்துகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

பாளை வெயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். 100 டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று வானிலைச் செய்தியில் வாசிக்கும்போது பாளையங்கோட்டை அடிக்கடி அதில் இருக்கும். அந்த வெயிலில் அங்கே நிற்பவர்கள் யார்? நாங்குநேரிப் பக்கமிருந்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்புகிறவர்கள். காலையிலேயே சீவலப்பேரிப் பக்கமிருந்து கீரைக்கட்டு கொண்டுவந்து விற்றுவிட்டு, வெறும் கூடையோடு ஊருக்குப் பஸ் பார்க்கும் ஆச்சிமார். கல்லூரி விட்டு வரும் பிள்ளைகள். மரம் இருந்தபோது அதன் அடியில் ஒரு மண்பானை இருந்தது. எதிர்க்கடை அண்ணாச்சி யாரும் கேட்காமலே தினமும் தண்ணீர் ஊற்றி வைப்பார். செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் சாக்கை விரித்து அங்கேதான் உட்காருவார். இப்போது பானையும் இல்லை, பெரியவரும் இல்லை. மதியம் ஒரு மணிக்கு வந்து பாருங்கள். மின்கம்பத்தின் ஒல்லியான நிழலில் ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கம்பத்தின் நிழல் நகர நகர அவர்களும் நகர்கிறார்கள்.

இதில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பார்வையற்ற தம்பி ஒருவர் டவுன் பக்கம் வேலைக்குப் போகிறார். தினமும் அந்த நிறுத்தத்தில்தான் பஸ் ஏறுவார். பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் நூறாண்டுக்கு மேலாக நடக்கிற ஊர் இது. வெள்ளைக் கோலோடு தனியாக நடந்து வருகிறவர்களைப் பார்த்து பாளையில் யாரும் திரும்பி நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. கையசைவில் டீ கேட்டால் கடைக்காரர் சர்க்கரை வேண்டுமா என்று கையாலேயே திருப்பிக் கேட்பார். இந்த ஊரைப் பற்றி எனக்குப் பெருமையாக இருக்கும் விஷயங்களில் இதற்குத்தான் முதலிடம். இதை யாரும் திட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. பல தலைமுறை ஒன்றாகப் புழங்கியதில் வந்த பழக்கம்.

அந்தத் தம்பிக்கு நிறுத்தம் எங்கே என்று சொன்னது அந்த மரம்தான். வெயிலில் நடந்து வரும்போது தலையிலும் தோளிலும் சட்டென்று குளிர்ச்சி படும். அங்கே நின்றுவிடுவார். பங்குனி சித்திரையில் வேப்பம்பூ வாசம் கொஞ்ச தூரத்திலேயே வந்துவிடும். ஆனியில் காலடியில் பழம் நசுங்கும். உதவி செய்கிறேன் என்று நான் ஒருமுறை கையைப் பிடித்தபோது, "பிடிக்க வேண்டாம் டீச்சர், என்ன நம்பர் பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

மரத்தை வெட்டிய மறுநாள் அவர் நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டார். கூப்பிட்டு நிறுத்தினேன்.

"என்ன டீச்சர், நெழலையே காணும்?" என்றார்.

"மரத்த வெட்டிட்டாங்க தம்பி."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ ஸ்டாப்பு வந்துட்டுன்னு இனி எனக்கு எப்பிடி டீச்சர் தெரியும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஐயா, இந்தக் கேள்வி உங்களுக்கு உரியது.

அதோடு முடியவில்லை. எழுத்துகளைத் தாங்க நடைபாதையின் முழு அகலத்துக்கும் சிமெண்டு மேடை கட்டியிருக்கிறீர்கள். கோல் மேடையில் முட்டியதும் அவர் தார்ச்சாலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பஸ் ஒதுங்கி வந்து நிற்கும் பக்கமும் அதுதான். ஒருநாள் மேடையின் விளிம்பில் இடித்து முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்தது. இப்போதெல்லாம் நிறுத்தத்துக்குக் கிட்டத்தில் வந்ததும் "டீச்சர் இருக்கீங்களா?" என்று அவரே கையை நீட்டுகிறார். நான் பிடித்துக்கொள்கிறேன். யார் கையும் வேண்டாம் என்று நிமிர்ந்து நடந்த ஒருவரைக் கை நீட்ட வைத்துவிட்டீர்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். மரியாதையோடுதான் சொல்கிறேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு நகரத்தின் குணம் எழுத்திலும் விளக்கிலும் வந்துவிடாது. நெல்லை பெருநகரமும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. 1994-இல் மாநகராட்சி ஆன பிறகும் டவுனுக்கு ஒரு குணம், ஜங்ஷனுக்கு ஒரு குணம், பாளைக்கு ஒன்று, மேலப்பாளையத்துக்கு ஒன்று என்றுதான் இருக்கிறது. டவுனில் தேர் ஓடுவதற்கென்றே அகலமாக விட்ட ரத வீதிகள். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரை இன்றும் ஆட்கள்தான் வடம் பிடித்து இழுக்கிறார்கள். சாயங்காலம் கீழ ரத வீதியில் அல்வாவுக்கு நிற்கும் வரிசையைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். தாமிரபரணி ஆற்றைத் தாண்டி பாளைக்கு வந்தால் பள்ளிக்கூட மணியும் சர்ச் மணியும். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கியது சும்மா இல்லை. இவ்வளவு வித்தியாசமான இடங்களை ஒரே டவுன்பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிடலாம். என்னிடம் படித்த பையன் கண்டக்டராக இருப்பான், "டீச்சர், உக்காருங்க" என்று இடம் வாங்கித் தருவான். அம்பாசமுத்திரத்திலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் காலையில் வந்து, கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்து, டாக்டரைப் பார்த்து, பிள்ளைக்குக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கிவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்ப முடிகிறது. நடுத்தர நகரத்தின் அருமையே இந்த அளவுதான். வேண்டியதெல்லாம் இருக்கும், ஆனால் மனிதர் தொலைந்துபோக மாட்டார். அது நிலைக்க வேண்டுமானால் இங்கே ஒருவர் நடக்க முடிய வேண்டும், நிற்க முடிய வேண்டும், காத்திருக்க முடிய வேண்டும். பேருந்து நிறுத்தத்தின் நிழலை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவது அதனால்தான்.

இந்த ஊரில் முன்னால் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே ஆற்றைப் படகில் கடக்க மக்கள் பட்ட பாட்டைப் பார்த்து, கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பாலம் கட்டினார். 1843-இல் திறந்த பாலம். இன்றைக்கும் நாம் அதில் போய்வந்து கொண்டிருக்கிறோம். அவரும் உங்களைப் போல ஓர் அரசு ஊழியர்தான் என்பதை நினைவூட்டுகிறேன். ஜங்ஷனில் 1973-இல் திறந்த ஈரடுக்குப் பாலத்தைப் பாருங்கள். பஸ்ஸும் லாரியும் மேலே போகட்டும், சைக்கிள் போன்ற சிறு வண்டிகள் கீழே போகட்டும் என்று தனி அடுக்கே கட்டினார்கள். மெதுவாகப் போகிறவனுக்கும் இடம் வேண்டும் என்ற நினைப்பு வரைபடத்திலேயே இருந்தது. குறுக்குத்துறை முருகன் கோயிலைக் கட்டியவர்கள் ஆற்றுக்குள்ளேயே கட்டினார்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்து, தண்ணீரைக் கிழித்து விடும்படி படகின் முன்பக்கம் போலச் சுவரை வைத்தார்கள். வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய், வடிந்ததும் திரும்பக் கொண்டுவருகிறார்கள். இடத்தின் குணம் தெரிந்து, புழங்குகிறவர்களை மனதில் வைத்துக் கட்டியதால்தான் இவையெல்லாம் ஊருக்கு அடையாளமாக நிற்கின்றன.

நீங்கள் அழகு என்று சொல்லும்போது எனக்கு வேறு சில இடங்களும் நினைவுக்கு வருகின்றன. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் டவுனுக்குள் வரும்போது எப்படி இருக்கிறது? பழவூர் அணைக்கட்டிலிருந்து புறப்படும் பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தைத் தாண்டும்போது என்ன நிறம்? பொதிகையில் பிறந்து தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே கடலில் சேரும் வற்றாத ஆறு தாமிரபரணி. அதில் சாக்கடை கலப்பதைப் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எத்தனை முறை கேட்டுவிட்டது! 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த ஆறு ஜங்ஷனுக்குள்ளும் வண்ணார்பேட்டைக்குள்ளும் வந்ததே, அதற்குப் பிறகு வடிகால்களில் என்ன மாறியது? எழுத்துகளுக்கு மின்சாரம் கொடுக்க ஒரு வாரத்தில் முடிந்தது. கால்வாயில் ஆகாயத்தாமரையை அள்ள மட்டும் ஏன் முடியவில்லை? மக்கள் புழங்கும் இடம் கெட்டுக் கிடக்கும்போது, மக்கள் படம் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு மட்டும் பணம் வருவது எந்த ஊர் நியாயம்?

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். கால்வாயும் ஆறும் ஒரு நாளில் சரியாகாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு நிறுத்தத்துக்குக் கூரை போட முடியும். அரசு இடத்தில் மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். இந்த மரத்துக்கு அந்த அனுமதி வாங்கப்பட்டதா? வாங்கியிருந்தால் அதன் நகலை எங்களுக்குக் காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சாலையும் பேருந்து நிறுத்தமும் அவர்கள் தடையில்லாமல் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். நடைபாதையின் குறுக்கே மேடை கட்டும்போது இந்தச் சட்டம் யார் மேசையில் இருந்தது?

எழுத்துகளை உடைத்துப் போடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் அங்கே நின்று ஆசையாகப் படம் எடுக்கிறார்கள், எடுக்கட்டும். பூங்காவுக்குள் இடம் இருக்கிறது, அங்கே மாற்றி வையுங்கள். நடைபாதையை நடப்பவர்களுக்கு விடுங்கள். நிறுத்தத்தில் முதலில் கூரையும் உட்கார ஒரு பலகையும் வேண்டும். நடைபாதையில் நிறுத்தத்தைக் காட்டும்படி, காலுக்கும் கோலுக்கும் தட்டுப்படும் மேடு வைத்த ஓடுகளைப் பதித்துத் தாருங்கள். வேப்பங்கன்றை நட்டு வேலி வைத்துக் கொடுத்தால் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். எதிர்க்கடை அண்ணாச்சி இப்போதே சம்மதம் சொல்லிவிட்டார். இனி எந்த நிறுத்தத்தில் எந்த மரத்தில் கை வைப்பதானாலும், அங்கே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அந்தத் தம்பியும் நானும் வருகிறோம். கீரை விற்கும் ஆச்சிமாரில் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வியாபாரம் போகும், ஆகவே எங்களைச் சீக்கிரம் கூப்பிட்டு விசாரித்து, கூரை எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுத்தில் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை