அருவிக்குக் கூட்டிப்போகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

அருவி, இயற்கைக் குளம் என்று அரைநாளில் சுற்றிக்காட்டும் பயணங்கள் இப்போது நிறைய நடக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் வழிகாட்டி என்றால் முன்னால் நடப்பவர், அப்புறம் போட்டோ எடுத்துத் தருபவர், அவ்வளவுதானா? அருவி விழுகிற இடத்தில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கிறதே, அதில் காற்றுக் குமிழிகள் கலந்திருப்பதால் உடம்பை மேலே தூக்கும் சக்தி குறைவு, நன்றாக நீந்தத் தெரிந்தவரே அங்கே திணறுவார் என்பதை இறங்கும் முன்பே சொல்ல வேண்டாமா? தெளிந்த நீரில் நாலரை அடி போலத் தெரிகிற ஆழம் உண்மையில் ஆறடி இருக்கும். நீச்சல் தெரியாதவர் கால் ஊன்றிவிடலாம் என்று நம்பி இறங்குவது இப்படித்தான்.

எல்லாவற்றையும்விட மழை. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால், செருப்பைக்கூடத் தேடாமல் கரையேற வேண்டும். காசு கொடுத்திருக்கிறோம், இன்னும் ஐந்து நிமிடம் என்று அடம்பிடிப்பவர்களை அதட்டிக் கரையேற்றும் வழிகாட்டியைத்தான் எனக்குப் பிடிக்கும். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்; பதில் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்