அவன் ஒளித்து வைத்த செருப்பு

அன்புத் தங்கச்சிக்கு,

போன வாரம் உன் வீட்டில் இருந்த இரண்டு நாளும் காலை எட்டரை மணிக்கு நடந்ததைப் பார்த்தேன். அத்தை உன் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு "அதோ பாரு காக்கா" என்று பால்கனிக்குப் போவார். நீ சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவாய். இறக்கிவிட்டதும் அவன் ஹாலைப் பார்த்தான், சமையலறையை எட்டிப் பார்த்தான், பாத்ரூம் கதவைத் தட்டினான். "ம்மா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். பிறகு உட்கார்ந்து கார் பொம்மையை உருட்ட ஆரம்பித்துவிட்டான்.

"இப்பல்லாம் அழறதே இல்லக்கா, பழகிட்டான்" என்று ராத்திரி நீ நிம்மதியாகச் சொன்னாய். எனக்குப் பதில் வரவில்லை. அன்று காலையில்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து உன் செருப்பை எடுத்து வைத்திருந்தேன். தினமும் அவன்தான் அதை அங்கே தள்ளிவிடுகிறானாம். ஒன்றரை வயதில் வேறெப்படிச் சொல்வான், "போகாதே" என்று?

மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1954-55இல் உகாண்டாவில், கம்பாலாவைச் சுற்றியிருந்த கிராமங்களில், வீடு வீடாகப் போய்த் தாய்களையும் குழந்தைகளையும் கவனித்தவர். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரு வயதுக் குழந்தைகளை ஓர் அறையில் விட்டு, அம்மாவைச் சில நிமிடம் வெளியே போகச் சொன்னார். மொத்தமே 20 நிமிடச் சோதனை. அம்மா போகும்போது எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வந்ததும் குழந்தை என்ன செய்கிறது என்பதைத்தான் அவர் முக்கியமாகப் பார்த்தார். ஓவென்று அழுத குழந்தை, அம்மா தூக்கியதும் தேறி, இறங்கி விளையாடப் போனது. அதற்கு அம்மாமேல் நம்பிக்கை இருக்கிறது. சில குழந்தைகள் அழவே இல்லை. அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டன. பின்னாளில் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை வேறு ஆய்வாளர்கள் அளந்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, துடிப்பு மட்டும் எகிறியிருந்தது.

பயந்துவிடாதே. உன் பையன் முகத்தைத் திருப்பவில்லை. சாயங்காலம் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறான், அரைமணி நேரம் இடுப்பைவிட்டு இறங்குவதில்லை, உன் ஷால் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான். இன்னும் உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

வேலையை விடச் சொல்லி இதை எழுதவில்லை. அப்படிச் சொல்பவர்கள் உன்னைச் சுற்றி ஏற்கெனவே நிறையப் பேர். குழந்தை ஒரே ஆளிடம்தான் ஒட்டும் என்பதில்லை. பாட்டியின் மடியும் அவனுக்குத் தைரியம் தருகிற இடம்தான். நான் சொல்வது அந்தக் காக்கா வேடிக்கையைப் பற்றி மட்டும். என் மகளிடம் நானும் அதையே செய்தேன். அவள் அழக்கூடாது என்பதற்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அவள் அழுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை, அதுதான் உண்மை. கடைசியில் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனால்கூட என் புடவையை விடமாட்டாள். அம்மா எந்த நிமிடம் காணாமல் போவாள் என்று தெரியாதபோது, எல்லா நிமிடமும் காவல் காக்க வேண்டியிருக்கிறது அந்தப் பிஞ்சுக்கு.

நாளை முதல் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து சொல்: "அம்மா ஆபீஸ் போறேன். நீ தூங்கி எழுந்து, பால் குடிச்சு, பாட்டிகூட பூங்காவுக்குப் போய்ட்டு வந்ததும் வந்துடுவேன்." ஆறு மணி என்றால் அவனுக்குப் புரியாது, பூங்கா புரியும். அழுவான், முதல் சில நாள் முன்பைவிட அதிகமாகவே அழுவான். அழட்டும். "பூச்சாண்டி வருவான்" என்று அடக்க வேண்டாம் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல். மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா போனது கஷ்டமா இருக்கா கண்ணு" என்று கேட்டால் போதும். உனக்குத் தாமதமானால் போன் பண்ணி அவனிடம் சொல்லச் சொல். ஒருநாள் எரிச்சலில் கத்திவிட்டுக் கிளம்பினாலும், சாயங்காலம் வந்து கட்டிக்கொண்டு, "காலைல அம்மா கத்திட்டேன்ல" என்று கேள்.

செருப்பை நீ தேடாதே. அவனையே எடுத்து வரச் சொல். தரமாட்டேன் என்று அடம்பிடித்தால் கொஞ்ச நேரம் காத்திரு. சாயங்காலம் வந்ததும் அவன் கண்ணெதிரே அதே இடத்தில் கழற்றி வை.

அன்புடன்,
அக்கா