நீலத் தவளைகளுக்கு ஒரு சரிவு

அன்புள்ள நண்பா,

நலம், உன் நலமும் வீட்டிலுள்ள அனைவரின் நலமும் அறிய ஆவல். டொரன்டோவில் பனி இன்னும் கரையவில்லை. உன் மகள் தன் தவளைத் தொட்டியில் அருவி ஒன்றை அமைக்க விரும்புவதாக எழுதியிருந்தாய். அவளை ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொல். அதே ஆசையில் நான் ஓர் ஆண்டை வீணாக்கியிருக்கிறேன்.

என்னிடம் இருப்பவை நீல அம்புத் தவளைகள். சூரிநாம் நாட்டின் தெற்கே, சிபாலிவினி என்னும் புல்வெளிக்கு நடுவே தீவுகளைப் போல நிற்கும் காட்டுத் திட்டுகளில் வாழும் இவற்றை அறிவியல் உலகம் அறிந்ததே 1969இல்தான். காட்டில் உண்ணும் எறும்புகளாலும் சிற்றுண்ணிகளாலுமே இவற்றின் உடலில் நஞ்சு சேர்கிறது என்பதால், தொட்டியில் பிறந்து பழ ஈக்களை உண்டு வளர்ந்த என் தவளைகளுக்கு நஞ்சில்லை.

முதலில் நான் நுரைப்பசையைச் செதுக்கிப் பாறையாக்கி, சிறு பம்பு வைத்து அருவியை ஓடவிட்டேன். பார்க்க மிக அழகாக இருந்தது. ஆனால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண் ஓரங்களிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருந்ததால், சில மாதங்களில் தரை முழுவதும் சேறாகி அழுகல் வாடை வீசத் தொடங்கியது. தரையில் நடந்து திரிய வேண்டிய தவளைகள், கால் வைக்க உலர்ந்த இடமின்றிக் கண்ணாடியின் மேல் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டபோது மனம் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்தெடுத்தேன்.

இப்போது அடியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுட்ட களிமண் உருண்டைகள். மிகுந்த நீர் அங்கே இறங்கித் தேங்கும். அதன்மேல் வலை விரித்து, மரப்பட்டைத் துண்டு, கரி, பெரணி நார், பாசி ஆகியவற்றைக் கலந்த மண்ணைப் பின்புறம் உயரமாகவும் முன்புறம் தாழ்வாகவும் சரித்துக் கொட்டி, நீர் தெளிக்கும்போது சரியாதபடி தக்கைமரப் பட்டைகளை வரப்புகள்போலக் குறுக்கே நட்டிருக்கிறேன். மேடு சற்று உலர்ந்தும் பள்ளம் ஈரமாகவும் இருப்பதால், எங்கே இருப்பது என்பதைத் தவளையே தேர்ந்துகொள்கிறது. இந்தச் சரிவைத்தான் அருவியைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

அதற்கு அடுத்தது சருகு. கொதிக்க வைத்து உலர்த்திய ஓக் இலைகளைக் கனமாகப் பரப்பினேன். அவற்றின் அடியில் பெருகும் ஸ்பிரிங்டெயில் பூச்சிகள் பூஞ்சையையும் கழிவையும் தின்கின்றன. தவளைகள் அந்தப் பூச்சிகளைத் தின்கின்றன. ஒளிய இடம் பெருகினால் தவளைகள் கண்ணில் படாமல் போகும் என்று அஞ்சினேன். நடந்ததோ நேர்மாறு: ஒரே பாய்ச்சலில் மறைந்துகொள்ளலாம் என்ற நிலை வந்ததும் அவை பகலெல்லாம் வெளியே உலவத் தொடங்கின.

வாசல் வெட்டிய கொட்டாங்கச்சி ஒன்றைச் சருகின்மேல் கவிழ்த்து, உள்ளே வழவழப்பான சிறு தட்டு வைத்திருந்தேன். அதில் தவளைகள் முட்டைகள் இட்டிருந்தன. சென்ற ஞாயிறு காலை, ஆண் தவளை தன் முதுகில் ஒரு தலைப்பிரட்டையைச் சுமந்துகொண்டு, சரிவில் மெல்ல இறங்கி, பள்ளத்திலிருந்த நீர்க்கிண்ணத்தை நோக்கிப் போனது. நான் தேநீரை மறந்து நின்றேன்.

உன் மகளிடம் இரண்டைக் கண்டிப்பாகச் சொல்: சிலிக்கோன் பசை பூசினால் புளிக்காடி வாடை முற்றிலும் நீங்கும்வரை தவளைகளை விடக் கூடாது; குளோரின் கலந்த குழாய்நீரை அப்படியே தெளிக்கக் கூடாது, தவளைகள் தோலால் நீர் குடிப்பவை. தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை அளந்து அனுப்பச் சொல். சரிவை நானே வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்