இரண்டு நாளுக்கு ஐந்து அருங்காட்சியகம் அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியாக ஒரு நகரத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கி, அருங்காட்சியகங்களையும் ஓவியக் கண்காட்சிகளையும் பார்த்துத் திரும்புவது பற்றித் தங்கள் இணைப்பிதழில் கட்டுரை வந்திருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் பாரிஸை எடுத்துக்காட்டாக வைத்து, இரண்டு நாளில் ஐந்து இடம் என்று போட்டிருந்த அட்டவணையை நம்பிப் போகிறவர், இரண்டாம் நாள் பிற்பகல் எதைப் பார்த்தோம் என்றே நினைவில்லாமல் பெஞ்சில் சாய்ந்திருப்பார். காட்சிக்கூடப் பணியில் இருக்கும் நாங்கள் அந்தப் பெஞ்சுகளைத் தினமும் பார்க்கிறோம். நாளுக்கு ஒரு பெரிய அருங்காட்சியகம் போதும். தெம்பு மிஞ்சினால் சிறிய கண்காட்சி ஒன்று. கால் ஒத்துழைத்தாலும் அதற்கு மேல் கண் ஒத்துழைக்காது.

இந்தக் களைப்பைப் பற்றி நூறாண்டுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். 1916இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், கண்ணாடிப் பேழைகளுக்கு முன்னால் ஒருவரைக் குனியவும் மண்டியிடவும் வைத்துப் படமெடுத்து, 'அருங்காட்சியகச் சோர்வு' எப்படி வருகிறது என்று காட்டினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு படைப்பின் முன் நின்ற சராசரி நேரம் 27 விநாடி. இடைநிலை அளவு 17 விநாடிதான்; அதாவது பாதி முறை அதைவிடக் குறைவாகவே நின்றார்கள். வேகம் இப்படி இருக்கும்போது இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவதில் என்ன லாபம்?

திட்டத்தைக் கிழமையிலிருந்து தொடங்க வேண்டும். விமான டிக்கெட்டையோ ரயில் டிக்கெட்டையோ எடுத்துவிட்டு விடுமுறை நாளைத் தேடுவது தலைகீழ் வேலை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, அதே ஊரில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். மாட்ரிட்டில் பிராடோ வாரம் முழுக்கத் திறந்திருக்கும். ஆனால் பிக்காசோவின் 'குவெர்னிகா' ஓவியம் இருக்கும் ரெய்னா சோஃபியா செவ்வாயன்று திறக்காது. நியூயார்க் மெட்ரோபாலிட்டனுக்குப் புதன். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக அமைந்தால் அன்று திறந்துவைத்து, அடுத்த வேலை நாளில் மூடிவிடுவார்கள். இதில் ஏமாறுகிறவர்கள் ஏராளம்.

விடுமுறையைக் குறித்துக்கொண்ட கையோடு, இரவு வரை திறந்திருக்கும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். லூவ்ரில் புதனும் வெள்ளியும், ஓர்சேயில் வியாழன், லண்டன் நேஷனல் கேலரியில் வெள்ளி. சுற்றுலாக் குழுக்கள் கிளம்பிப்போன பிறகு வரும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் தனியாக வருகிறவருக்கு நல்ல நேரம். மாலை முழுவதும் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அதுவே பதில். ஒன்றை மறக்க வேண்டாம்: மூடும் நேரம் வேறு, கடைசி நுழைவு நேரம் வேறு. இரண்டுக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை இடைவெளி இருக்கும். மூடுவதற்குக் கால் மணி, அரை மணி முன்பே காவலர்கள் அறைகளைக் காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள். எதற்காக வந்தீர்களோ அதைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

கட்டடம் திறந்திருந்தாலும் படம் சுவரில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 2023 பிப்ரவரி முதல் ஜூன் வரை நடந்த டச்சு ஓவியர் வெர்மீரின் கண்காட்சிக்கு, ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்திலிருந்து 'முத்துக் காதணி அணிந்த பெண்' இரவலாக வந்தது. மார்ச் முடியும்போதே அந்தப் படம் ஊர் திரும்பிவிட்டது. கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஏப்ரலில் வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. காகிதப் படைப்புகள் என்றால் இன்னும் கடினம். நீர்வண்ணம், அச்சுப்படம், கோட்டோவியம் இவற்றின் மேல் விழும் ஒளியைப் பொதுவாக 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வைப்பார்கள். எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை போகலாம். ஒளியால் வரும் கேடு சேர்ந்துகொண்டே போகும், திரும்பச் சரியாகாது. அதனால் காகிதத்தைச் சில மாதம் காட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் இருட்டில் வைக்கிறார்கள். வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கும் டியூரரின் 'இளம் முயல்' (1502) நீர்வண்ண ஓவியம் அபூர்வமாகத்தான் வெளியே வரும். மற்ற நாள்களில் நகலைத்தான் பார்க்க முடியும். பெரிய அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியலில் படைப்பின் பெயரைத் தேடினால், எந்த அறையில் இருக்கிறது, இப்போது காட்சியில் இல்லையா என்று போட்டிருக்கும். புறப்படும் வாரத்தில் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

டிக்கெட் விஷயத்தில் தனியாள் ராஜா. நேரம் குறித்த டிக்கெட்டுகளில் இருவருக்கும் நால்வருக்கும் இடம் தீர்ந்த பிறகும் ஒற்றை இடம் அங்கங்கே மிஞ்சியிருக்கும். ரத்தான டிக்கெட்டுகளும் ஒன்றிரண்டாகத் திரும்ப வரும். காலையிலும் இரவிலும் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தாலே போதும். மிலான் நகரில் லியொனார்தோவின் 'இறுதி விருந்து' சுவரோவியத்துக்கு முன்பதிவு கட்டாயம், உள்ளே 15 நிமிடம்தான். அவர் ஈரச் சுண்ணாம்பில் தீட்டாமல் காய்ந்த சுவரில் தீட்டியதால் வண்ணம் சீக்கிரமே உதிர ஆரம்பித்தது. மூச்சின் ஈரமும் தூசியும்கூட அதற்கு ஆகாது என்பதால்தான் இந்தக் கெடுபிடி. ரோமின் போர்கேஸே கேலரியில் இரண்டு மணி நேரம் முடிந்ததும் வெளியேற வேண்டும். ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்துக்கு வாசலில் டிக்கெட் வாங்க முடியாது. டிக்கெட்டை மின்னஞ்சலில் மட்டும் விட்டுவைக்காமல் கைபேசியில் படமாகவும் சேமித்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்பு கிடைக்காவிட்டால் காட்ட இன்னொருவர் கைபேசி கிடையாது.

பையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வாசலில் அதிகம் வாக்குவாதம் நடப்பதே இதனால்தான். சக்கரப் பெட்டியைப் பல இடங்களில் பொருள் வைப்பறையிலும் வாங்க மாட்டார்கள்; தங்குமிடத்திலோ ரயில் நிலைய லாக்கரிலோ விட்டுவிட்டு வர வேண்டும். முதுகுப்பையை ஒப்படைக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் மார்புப் பக்கம் மாட்டச் சொல்வார்கள். திரும்பும்போது பின்னால் இருக்கும் பை எதில் இடிக்கிறது என்று மாட்டியிருப்பவருக்கே தெரியாது, அதுதான் காரணம். கடவுச்சீட்டு, பணம், மருந்து, கைபேசி கொள்ளும் சிறிய தோள்பை போதும். மெல்லிய சால்வை ஒன்றும் வேண்டும். கூடத்தின் குளிர் பொருள்களுக்காக வைத்தது, ஆளுக்காக அல்ல. குறிப்பெடுக்கவும் வரையவும் பென்சில்தான். பேனாவைப் பார்த்தால் காவலர் பக்கத்தில் வந்து நிற்பார்.

உள்ளே போனதும் நுழைவாயிலுக்கு அருகில் இருக்கும் அறையில் நின்றுவிடாதீர்கள். எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். முன்கூட்டியே ஐந்து படைப்புகளைத் தேர்ந்துகொண்டு, அவற்றில் தொலைவில் உள்ளதற்கு முதலில் போய், அங்கிருந்து வாசலை நோக்கி வாருங்கள். ஒவ்வோர் அறையிலும் நிற்காமல் ஒரு சுற்று வந்த பிறகு, கால் எங்கே தயங்கியதோ அங்கே திரும்புங்கள். லூவ்ரில் 'மோனலிசா'வின் முன் தலைகளுக்கு மேல் கைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறவர்களில் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்? அது 77 செ.மீ. உயரமுள்ள பலகையில் தீட்டிய ஓவியம். எதிர்ச்சுவரில், ஏறக்குறைய பத்து மீட்டர் அகலத்தில் வெரோனேஸேவின் 'கானா ஊர்த் திருமணம்' தொங்குகிறது. அதன் முன் நிற்க இடம் தாராளம்.

தனியாகப் போவதன் பலன் எங்கே தெரியும் என்றால், லண்டன் நேஷனல் கேலரியில் ஹோல்பைனின் 'தூதர்கள்' (1533) முன்னால் தெரியும். இரு ஆள்களின் காலடியில் சாய்வாக ஒரு சாம்பல் நிறத் தீற்றல். நேரே நின்றால் ஒன்றும் புரியாது. படத்தின் வலது ஓரத்துக்குப் போய், சுவரை ஒட்டினாற்போல் நின்று பக்கவாட்டில் பார்த்தால் தீற்றல் குறுகிக் குறுகி மண்டையோடாகிறது. கூட வந்தவர் "போகலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்துக்காகக் காத்திருக்க முடியாது. அதே கட்டடத்தில் வான் எய்க்கின் 'அர்னோல்ஃபினி தம்பதி' (1434) இருக்கிறது. உயரம் 82 செ.மீ.தான். பின்சுவரில் தொங்கும் குவியாடிக்குள் வாசலில் நிற்கும் இருவர் தெரிவார்கள், வெறும் கண்ணுக்குப் புள்ளிகளாக. பறவை பார்க்கும் தொலைநோக்கி இதற்கு உதவாது, இரண்டு மூன்று மீட்டருக்குள் அது குவியாது. அரை மீட்டரிலேயே குவியும், ஆறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக்கண் நோக்கி வேண்டும். சட்டைப்பையில் அடங்கிவிடும்.

சிற்பத்தைப் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் ஆசியப் பகுதியில் 153 செ.மீ. உயரமுள்ள சோழர் கால நடராசர் இருக்கிறார். கருவறையில் நின்று நாம் ஒருநாளும் பார்க்க முடியாத முதுகும் சடையும் அங்கே பார்க்கக் கிடைக்கும். அந்த மூர்த்தி அங்கே இருப்பது சரியா என்பது வேறு விவாதம்.

படமெடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு: முதலில் விளக்க அட்டை, பிறகு முழுப் படைப்பு, பிறகு நுணுக்கம். அட்டையை விட்டவர்கள் வீட்டுக்குப் போய் நாற்பது படங்களில் எது யாருடையது என்று விழிப்பார்கள். ஃபிளாஷ் எங்கும் கூடாது. பிராடோவில் படமே எடுக்கக் கூடாது. கைபேசியில் கண் வைத்தபடி பின்னால் நகர்ந்து பீடத்தில் இடிப்பதுதான் தனியாக வருகிறவர்களின் வழக்கமான விபத்து.

நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். சாப்பிட வெளியே போவதற்கு முன், அதே டிக்கெட்டில் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் விடுவதில்லை. வழிகாட்டியுடன் சுற்றும் குழுவில் ஒற்றை ஆளுக்குப் பெரும்பாலும் இடம் இருக்கும், நுழைந்தவுடனே மேசையில் விசாரிக்க வேண்டும். தனியார் கலைக்கூடங்களில் பெரும்பாலும் சுவரில் பெயர் அட்டை இருக்காது. மேசையில் படைப்புப் பட்டியல் தாள் இருக்கும், கேட்டால் தருவார்கள். வாங்க வந்தவரா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

அடுத்த முறை இப்படி அட்டவணை வெளியிடும்போது கட்டணத்துக்குப் பக்கத்தில் விடுமுறை நாளையும் கடைசி நுழைவு நேரத்தையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம். தங்கள் அட்டவணையில் லூவ்ருக்கு ஒதுக்கியிருந்த நாள் செவ்வாய்.

இப்படிக்கு,
காட்சிக்கூடப் பணியாளர்கள் இருவர்