மைனி, அண்ணன் பெயரைக் கொடுத்துவிட்டீர்களாமே

மைனி,

கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்கு வைக்கும் பூசைப் பட்டியலுக்கு, ஒக்கிப் புயலில் கடலில் காணாமல் போன அண்ணன் பெயரை நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள் என்று தங்கச்சி போனில் சொன்னாள். "சரி, நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் அறைக்கு வெளியே வந்து ரொம்ப நேரம் நின்றேன். உங்களிடம் போனில் பேசினால் சாப்பிட்டாயா, அங்கே வெயில் எப்படி என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன், பாப்பா வாசித்துக் காட்டுவாள். ஊர்க்காரர்களும் வாசிப்பார்கள், தெரியும். ஆகவே அந்த நிவாரணப் பணத்தைப் பற்றியும் அதற்கு யார் யார் என்ன பேசினார்கள் என்பதைப் பற்றியும் இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

எத்தனை தடவை கேட்டிருப்பேன், பெயரைக் கொடுங்கள், ஒரு பூசை வையுங்கள், அம்மா கண்ணை மூடுவதற்குள் அதையாவது பார்க்கட்டும் என்று. பார்க்காமலேயே போய்விட்டார்கள். நீங்கள் இந்த அறையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தபோது அந்த அறையில் அம்மா பெற்ற பிள்ளைக்காக வாய்விட்டு அழக்கூடப் பயந்து கிடந்தார்கள். அழுதால் செத்துவிட்டான் என்று ஆகிவிடுமே, உங்கள் வீட்டில்.

இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம். அழிக்கவும் மனம் வரவில்லை.

எட்டு வருடத்தில் எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்தப் பணத்துக்காகப் பத்திரம் எழுதின நாள்தான். குழித்துறையில் ரயில் மறியல் என்று தண்டவாளத்தில் உட்கார்ந்ததெல்லாம் முடிந்து, தேடப் போன நம் ஆட்கள் லட்சத்தீவு, குஜராத் என்று கேட்டு அலைந்துவிட்டு வெறுங்கையோடு கரைக்கு வந்து, நான் திருவனந்தபுரத்தில் ரத்தம் கொடுத்து, ஒரு உடலோடும் அது பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகு. காணாமல் போனவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளச் சட்டப்படி 7 வருடம் காத்திருக்க வேண்டும், ஒக்கிக்காக அதைத் தளர்த்தியிருக்கிறார்கள், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னோம். நீங்கள் பேனாவைத் தொடவில்லை. பத்திரம் எழுதினவர் அலுத்துப்போய் முழுவதையும் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். ஒருவேளை இவர் உயிரோடு திரும்பி வந்தால் வாங்கின தொகையைத் திருப்பிச் செலுத்துகிறேன் என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"அதை இன்னொருக்கா வாசியுங்க."

வாசித்தார்.

"அப்போ 'திரும்பி வந்தால்'னு அவங்களே எழுதியிருக்காங்க" என்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள் மைனி. புயலுக்கு அப்புறம் நீங்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். உடனே கையெழுத்துப் போட்டீர்கள். கீழே சாட்சிக்கு நான் போட்டேன். வருவான் என்று நீங்களும் வர மாட்டான் என்று நானும், ஒரே தாளில்.

வெளியே வந்ததும் பத்திரத்தாளில் போய்க் கடவுளைத் தேடுகிறீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் எனக்கும் அப்போது வேறு வழி இல்லை, யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது, ஆண்டவர் கைக்கு எட்டவில்லை, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். வலை வீசிக்கொண்டிருந்த மனுஷனைத்தானே வா என்று கூப்பிட்டார்? அந்த மீன்பிடிக்காரரின் திருநாளாகப் பார்த்தா நம் எட்டு ஊரிலும் இத்தனை பேரை வாரிக்கொண்டு போக வேண்டும்? இது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நீங்கள் பைபிளில், புயலடிக்கும்போது ஆண்டவர் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கின பகுதியையே வாசித்துக்கொண்டிருப்பீர்கள். நம் படகிலும் எழுப்ப ஆள் இருந்ததே, எழுந்தாரா என்று கேட்டதற்கு, "அங்கேயும் தண்ணி படகுக்குள்ள ஏறின பிறகுதானே எழும்பினாரு" என்றீர்கள். அது ஒரு பதிலா என்று அன்றைக்குக் கத்தினேன். இன்றைக்கும் பதில் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் மறக்கவும் முடியவில்லை.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், யார் வாசித்தாலும் சரி. நான் கோவிலை விட்டது கோபத்தில் மட்டும் இல்லை. நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்கள். குருசடியில், அந்தச் சின்னச் சிலுவைக் கோவிலில், அண்ணனுக்காக நீங்கள் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துகிறீர்கள் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு எதையும் நம்ப மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். உங்களைக் கேலி பண்ணினதும் அதே வாய்தான். இப்போது பெயரைக் கொடுத்துவிட்டீர்கள் என்று கேட்டதும் அண்ணன் இந்த வாரம்தான் செத்த மாதிரி இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுத்திருக்கலாம் மைனி.

பட்டியலைக் கொடுத்துவிட்டு வரும் வழியில் குருசடியில் எப்போதும்போல மெழுகுவர்த்தி கொளுத்தினீர்களாம். அதுதான் பெயர் கொடுத்தாச்சே, இனி யாருக்கு என்று தங்கச்சி கேட்டாளாம். "இப்போ கடல்ல கிடக்கிற பிள்ளைகளுக்கு" என்றீர்களாம்.

லீவு கேட்டிருக்கிறேன், கல்லறைத் திருநாளுக்குக் கிடைக்காது, 30-ம் தேதிக்குள் கிடைத்தால் வருவேன். அண்ணனுக்குக் குழி இல்லையே, மெழுகுவர்த்தியை எங்கே வைப்பது என்று யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அம்மா குழியிலேயே இரண்டாக வையுங்கள். கடற்காற்று விடாது, ஒரு தகர டப்பா கொண்டு போங்கள்.

உங்கள் கொழுந்தன்