பலகைக்குக் கால் கொடுத்தவர்களுக்கு

கோவளம் குப்பத்து மக்களுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) ஓரம் கடை வைத்திருக்கும் அண்ணன், அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன மழைக்காலத்தில் என் கொட்டகை வாசலில் நின்று, "என்னப்பா, சவுக்குக் கட்டையும் கயிறுமா இருக்கு, பாடை கட்டுறியா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். சிரித்தவர்களே அடுத்த நாள் சாமானோடு வந்து நின்றீர்கள். நேரில் நன்றி சொன்னால் "இதுக்கெல்லாமா?" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஆறு பேடில் போர்டு. நின்றுகொண்டே துடுப்பு போடுகிற பலகை. முட்டுக்காடு கழிமுகத்தில் தண்ணீர் அசையாமல் கிடக்கும் காலை நேரத்தில் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றும் பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம். பார்க்கக் கல் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பதோ தெர்மாகோல் வகை நுரை, அதன்மேல் மெல்லிய ஃபைபர் தோல், அவ்வளவுதான். பாறையில் ஒரு இடி பட்டால் தோல் விரியும், நுரை தண்ணீர் குடிக்கும்.

இத்தனை நாள் உடைந்த பலகையையெல்லாம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் வைத்துத்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் கொண்டல் காற்று ஒரு தள்ளு தள்ளியது. ஒட்டி முடித்து ரெசின் (ஃபைபரை ஒட்டும் பசை) காய்ந்துகொண்டிருந்த பலகை, நாற்காலியோடு சேர்ந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. வால் பக்கம் ஒட்டினேன், மூக்கு உடைந்தது. அதற்குள் குனிந்து குனிந்து என் இடுப்பும் போயிருந்தது. அதனால்தான் பலகையைத் தாங்கி நிற்க ஸ்டாண்டு செய்யக் கிளம்பினேன்.

தச்சர் அண்ணன், முதல் நன்றி உங்களுக்கு. நான் அவசரத்தில் வாங்கி வந்த பச்சைச் சவுக்கைத் தட்டிப் பார்த்து, "இது காயும்போது முறுக்கிக்கும்" என்றீர்கள். நான் கேட்கவில்லை. மூன்றே வாரத்தில் முதல் ஜோடி ஸ்டாண்டு ஆளுக்கொரு திசை பார்த்து நின்றது. அதற்கு ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டாமல் உங்கள் பட்டறையில் காய்ந்து கிடந்த நான்கு கட்டையை எடுத்துக் கொடுத்தீர்கள். உயரத்துக்கு டேப் பிடிக்கப் போனேன். "நிமிர்ந்து நில்லு, கையை மடக்கு" என்று சொல்லி, முழங்கையிலிருந்து ஒரு சாண் கீழே கரியால் கோடு போட்டீர்கள். எனக்கு அது 36 அங்குலம் வந்தது. இப்போது அரை நாள் உப்புத்தாள் தேய்த்தாலும் இடுப்பு கேள்வி கேட்பதில்லை.

அடிப்பாகத்துக்கு 20 லிட்டர் பெயிண்ட் டப்பா. நடுவில் கட்டையை நிறுத்தி, முக்கால் டப்பா கான்கிரீட் போட்டுத் தூக்குநூல் பிடித்துக் கொடுத்த கொத்தனார் அண்ணனுக்கு நன்றி. ஒவ்வொரு காலும் 35 கிலோவுக்குக் குறையாது. பலகை 12 கிலோதான். இனி கொண்டல் என்ன, சின்னப் புயலே வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். (புயல் வந்தால் பலகையை உள்ளே எடுத்து வைத்துவிடுவேன், பயப்படாதீர்கள்.) இடம் மாற்ற டப்பாவைச் சாய்த்து உருட்டினால் போதும்.

தலைப்பாகம்தான் என்னைப் படுத்திய இடம். முதலில் மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் கட்டையைத் தூக்கி, நடுவில் கயிறு கட்டினேன். பலகை விழவில்லை. ஆனால் விளிம்பைத் தேய்க்கப் போனால் கை கொம்பில் இடிக்கிறது, கயிறு பட்ட இடத்தில் வரி வரியாகத் தழும்பு. அப்போதுதான் எதிர்வீட்டு ஆயா திண்ணையிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்: "உடம்பு நோகாம படுக்கணும்னா கட்டில்தான்யா."

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. இரண்டடிக்கு ஒரு அடியில் சட்டம் அடித்து, ஆயா தன் பழைய நாடாக் கட்டிலிலிருந்து அவிழ்த்துத் தந்த நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு குட்டிக் கட்டிலை உட்கார வைத்தோம். நாடா பலகையின் வளைவுக்குத் தக்கபடி கொஞ்சம் தொய்கிறது, எந்த இடத்திலும் குத்துவதில்லை. சட்டம் இரண்டடி, பலகை 32 அங்குலம் என்பதால் இரு பக்கமும் நான்கு நான்கு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விளிம்பில் கை தாராளமாகப் போகிறது. தூண்கள் இரண்டுக்கும் நடுவே ஐந்தடி விட்டால் பலகை தொங்கவும் தொங்காது, ஆடவும் ஆடாது. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஆயா.

பலகையை ஒருக்களித்து நிறுத்தத் தூணின் பக்கவாட்டில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், பலகையின் விளிம்பு உட்கார ஆறு அங்குல வாய் வைத்தோம். அதற்குள் மெத்தையாக ஏசி மெக்கானிக் தம்பி கொடுத்த கறுப்பு நுரைக்குழாய். செப்புக் குழாய்க்குச் சுற்றுவார்களே, அதன் வெட்டுத் துண்டுகள். தம்பி, டீக்குக்கூட நிற்காமல் போனாய், கணக்கில் இருக்கிறது.

படகு ஒட்டும் அண்ணனுக்கு என்ன சொல்வது? நாற்காலி விபத்தில் உடைந்த அந்த மூக்கை, ஃபைபர் படகுக்குப் பூசும் அதே பாலியெஸ்டர் ரெசினால் அடைக்கப் போனேன். விலை குறைவு, பக்கத்திலேயே கிடைக்கும். நீங்கள் என் கையிலிருந்து டப்பாவை வாங்கி, குப்பையில் கிடந்த தெர்மாகோல் துண்டில் நாலு சொட்டு விட்டீர்கள். வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி அது குழிந்து உள்ளே போனது. அந்த ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற ரசாயனம் தெர்மாகோலைக் கரைத்துவிடும். நான் மட்டும் பூசியிருந்தால் மூக்கோடு கழுத்தும் போயிருக்கும். இப்போது எபாக்ஸி என்ற வேறு வகை ரெசின்தான். பிறகு இன்னொன்றும் சொன்னீர்கள்: முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவு, உப்பு உள்ளே நின்றால் ஈரம் போகாது என்று. ஓட்டை கீழே பார்க்கும்படி குட்டிக் கட்டிலில் கவிழ்த்து வைத்த பலகை ஐந்து நாள் சொட்டியது. நாற்காலியில் இருந்த காலத்தில் அதைக் காயவிட எனக்குப் பொறுமை ஏது?

அந்த நுரைப் பலகைகள் போக இருக்கும் காற்றடைக்கும் போர்டு இரண்டில் ஒன்று தினமும் தளர்ந்துகொண்டிருந்தது. சோப்பு நுரையைப் பூசி, வால்வின் கழுத்தில் கொப்புளம் விடும் இடத்தைக் கண்டுபிடித்த பஞ்சர் கடை அண்ணனுக்கும் நன்றி.

கடைசியாக, துணிக்கடை அக்கா. சுத்தமான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2021இல் வாங்கிய கடற்கரை நம்முடையது. அதன் மணலில் ரெசின் தூள் பறக்கலாமா என்று சண்டைக்கே வந்தீர்கள். நியாயமான சண்டை. நீங்கள் கொடுத்த பழைய பேனர் துணியை இப்போது கொட்டகையைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், தரையிலும் விரித்திருக்கிறேன். தூளைக் கூட்டிச் சாக்கில்தான் போடுகிறேன்.

இரண்டு ஜோடி ஸ்டாண்டு இருக்கிறது. ஒரு ஜோடி பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். துடுப்புக்கு வார்னிஷ் அடிக்க, கதவுக்குப் பெயிண்ட் அடிக்க யாருக்கு வேண்டுமானாலும் உருட்டிக்கொண்டு போங்கள். மீன் அறுக்க மட்டும் வேண்டாம், நாடாவில் வாடை போகாது.

ஆயா, உங்கள் கட்டில் இன்னும் வெறும் சட்டமாகத்தான் சுவரில் சாய்ந்து நிற்கிறது, எனக்குத் தெரியும். புது நாடா இரண்டு கட்டு வாங்கி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து வருகிறேன். இழுத்துப் பிடிக்க நான் இருக்கிறேன், மூலை திருப்புவது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அன்புடன்,
கொட்டகைக்காரன்