சிங்கக்குட்டியின் தலையைக் காணவில்லை

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு அட்டவணை தனியாக வரும். இந்தக் கடிதம் வேறொரு விஷயத்துக்காக. நூலக மேசையில் பிள்ளைகள் சேர்த்துவந்த ஜிக்சா புதிரில் ஒரு துண்டைக் காணவில்லை. இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

ஆயிரம் துண்டுகள் கொண்ட அந்தப் பெட்டியை ஜூன் மாதம் நம் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிவைத்தார். ஈரானில் ஷிராஸ் நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பெர்சபோலிஸ், பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ் கட்டத் தொடங்கி அவர் மகன் செர்க்செஸ் தொடர்ந்து கட்டிய அரண்மனை நகரம். அங்குள்ள அபதானா என்ற பெரிய மண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டுச் சுவர்தான் படம். கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை வந்தபோது நகரம் எரிந்தது. இந்தச் சுவரோ இடிபாட்டுக்குள் புதைந்து கிடந்ததால் அதிகம் தேயாமல் தப்பியது. 1930களில் அகழ்ந்தெடுத்தார்கள்.

முதல் வாரம் பிள்ளைகள் திணறிப்போனார்கள். நீல வானம், பச்சை மரம் என்று பிரித்துக்கொள்ள வழியில்லை. செதுக்கிய காலத்தில் பூசிய வண்ணமெல்லாம் போய், மிஞ்சியிருப்பது சாம்பல் நிறக் கல் மட்டுமே. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் வழி கண்டுபிடித்தாள். சுருள் தாடிக்கு ஒரு தட்டு, அங்கி மடிப்புக்கு ஒரு தட்டு, குதிரைக் காலுக்கு ஒரு தட்டு. அதன்பின் வேலை ஓடியது.

பேரரசின் 23 நாட்டார் வரிசையாகக் காணிக்கை கொண்டுவரும் காட்சி அது. ஒவ்வொரு குழுவின் தலைவரையும் ஓர் அரண்மனை அதிகாரி கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே ஒரு சைப்ரஸ் மரம். இந்தியக் குழுவும் இருக்கிறது. திறந்த மார்பு, இடுப்பில் வேட்டி போல ஒரு துணி, தோளில் காவடித் தண்டு, அதன் இரு பக்கமும் கூடைகள். பொற்பொடி கொண்டுபோகிறார் என்று கருதுகிறார்கள். “ஐயா, இவர் பழனிக்குப் போகிறார்” என்றான் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். அவர் சிந்து நதிப் பக்கத்து ஆள் என்று திருத்தினேன். அவன் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

“இதில் பெண்களே இல்லையே?” என்று தாடிகளைப் பிரித்த அதே மாணவி கேட்டாள். உண்மைதான், ஒருத்திகூட இல்லை. ஆனால் அதே நகரத்தில் கிடைத்த களிமண் பலகைகளில், வேலைக்குப் போன பெண்களுக்கு அளந்த தானியக் கணக்கு எழுதியிருக்கிறது. பிள்ளை பெற்றவர்களுக்குத் தனிப் பங்கும் உண்டு. ஆண் குழந்தை என்றால் அந்தப் பங்கு பெண் குழந்தைக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. இதைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

படத்தில் தாய் என்று இருப்பது ஒரு சிங்கம்தான். ஈரானின் தென்மேற்கில் இருந்த ஏலாம் என்ற நாட்டார் அதைக் கயிற்றில் பிடித்து வருகிறார்கள். பின்னால் இருவர் ஆளுக்கொரு குட்டியைத் தூக்கி வருகிறார்கள். தாய்ச்சிங்கம் கழுத்தைத் திருப்பிக் குட்டிகளையே பார்க்கிறது. காணாமல் போனது அதில் ஒரு குட்டியின் தலை. சென்ற வியாழன் 999 துண்டுகளும் பொருந்தி முடிந்தன. சிங்கம் திரும்பிப் பார்க்கும் இடத்தில் மேசைப் பலகை தெரிகிறது.

தேர்வு நேரத்தில் இந்த விளையாட்டு தேவையா என்று ஒரு பெற்றோர் கேட்டிருந்தார். மதிய உணவுக்குப் பின் 20 நிமிடம், அதுவும் விரும்பியவர்கள் மட்டும். அந்த 20 நிமிடத்தில் என் நூலகம் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. தேர்வுக்காக நிறுத்தப்போவதில்லை.

யாரையும் திருடன் என்று சொல்வதற்காக எழுதவில்லை. அந்த நகரத்துச் சுவர்களுக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. பெர்சபோலிஸ் சுவரிலிருந்த ஒரு காவல் வீரனின் தலை, ஒரு சாண் அளவுள்ள கல், 1930களில் களவு போயிற்று. பிறகு கனடாவில் மாண்ட்ரியல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2011இல் அங்கிருந்தும் திருடுபோய், 2014இல் கிடைத்தது. 2017இல் நியூயார்க்கில் ஒரு கலைப்பொருள் சந்தையில் விற்பனைக்கு வந்தபோது அதிகாரிகள் பறிமுதல் செய்து, மறு ஆண்டு ஈரானிடம் ஒப்படைத்தார்கள். எண்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நம் துண்டு அவ்வளவு தூரம் போயிருக்காது என்று நம்புகிறேன்.

ஆகவே சீருடைப் பைகள், பென்சில் பெட்டி, சாப்பாட்டுப் பையின் அடிப்பகுதி ஆகியவற்றை ஒருமுறை பாருங்கள். தம்பி தங்கைகளின் விளையாட்டுச் சாமான்களையும் பாருங்கள். துண்டு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, சாம்பல் நிறம், நடுவில் ஒரு சிறிய காது தெரியும். கிடைத்தால் பிள்ளையை உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். நூலக வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறோம். அதில் போட்டுவிட்டுப் போனால் போதும், பெயர் வேண்டாம். துணியோடு துவைத்து உப்பிப் போயிருந்தாலும் அனுப்புங்கள், அழுத்திப் பொருத்திக்கொள்கிறோம்.

வெள்ளிக்கிழமை வரை புதிரைக் கலைக்காமல் வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்